கேள்வி–பதில்: பழைய எம்.ஜி.க்கு வேறு கியர் பாக்ஸ்

நீலகிரி வாசகர்கள் எம்.ஜி. என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் கியர் பாக்ஸ் பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

என்னிடம் 1965-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இருக்கிறது. நான்கு கியர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் பல் அமைப்பு) இல்லை. பர்லியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு இறக்கினால் பல் கடிக்கிறது. இப்போது இரண்டாம் கியரும் கடிக்க ஆரம்பித்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஃபோர்டு ஐந்து கியர் பாக்ஸ் கிட் வரவழைக்கச் சொல்கிறார் நண்பர். 1970-க்குப் பிந்தைய எம்.ஜி.பி.யின் ஓவர்டிரைவ் பாக்ஸைப் போடலாம் என்கிறார் மெக்கானிக். எதைச் செய்யலாம்?
— வாசகர், குன்னூர்

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, பத்து எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழும் முன் பல்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. கிளட்ச் சரியாக விடுகிறது என்றால் பாக்ஸின் உள்ளே எல்லாம் நின்றுபோயிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். கரகரத்தால் கோளாறு கிளட்சில். கியர் பாக்ஸை மாற்றினாலும் அதே சத்தம் வரும். இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளு கம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 12 மி.மீ. அளவுக்கு நகர வேண்டும். 8, 9 என்று வந்தால் லைனில் காற்று இருக்கலாம், ரப்பர் ஹோஸ் உப்பியிருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின் தேய்ந்து அதன் துளை முட்டை வடிவமாகிவிடுவது. சில நூறு ரூபாய் வேலைக்காகக் கியர் பாக்ஸையே கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

கிளட்ச் சரி, இரண்டாம் கியர்தான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது பல் விகிதம், அதாவது பாக்ஸின் பின்முனை ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. ஐந்து கியர் பாக்ஸ் என்றதும் எல்லோரும் ஐந்தாம் கியரைப் பற்றித்தான் பேசுவார்கள். மலையில் குடியிருப்பவருக்கு அந்தக் கியர் மேட்டுப்பாளையத்துக்குக் கீழேதான் பயன்படும். உங்களுக்கு வாழ்வு இரண்டாம் கியரில்.

உங்கள் பாக்ஸில் முதல் கியர் 3.64, இரண்டு 2.21, மூன்று 1.37, நான்கு நேர் ஒன்று. 1967 இறுதியில் வந்த, நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள எம்.ஜி.பி. பாக்ஸில் 3.44, 2.17, 1.38, 1. உங்கள் நண்பர் சொல்லும் ஃபோர்டு பாக்ஸ், அதாவது சியரா காரில் வந்த டைப் 9 என்கிற ஐந்து கியர் பாக்ஸில், நான்கு சிலிண்டர் கார்களுக்கு வந்த வகையில் 3.65, 1.97, 1.37, 1, 0.82. அதே டைப் 9 ஆறு சிலிண்டர் வி6 என்ஜினுக்கு வந்தபோது 3.36, 1.81, 1.26, 1, 0.82.

இதைச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் காரில் கிரவுன்–பினியன் (பின் அச்சில் உள்ள பல் ஜோடி) விகிதம் 3.909. டாப் கியரில் 1000 ஆர்.பி.எம்.முக்கு மணிக்கு ஏறக்குறைய 28.8 கி.மீ. ஓடும். ஒரு வளைவிலிருந்து 20 கி.மீ. வேகத்தில் இரண்டாம் கியரில் வெளியே வருகிறீர்கள். இப்போதைய பாக்ஸில் என்ஜின் 1535 ஆர்.பி.எம்.மில் இருக்கும். டைப் 9-இல் 1370. வி6 வகையில் 1260-க்குக் கொஞ்சம் குறைவு. சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியாது. குன்னூர் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர் உயரம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, என்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. 95 குதிரைத் திறன் என்று சொல்லப்பட்ட 1798 சி.சி. என்ஜின் அங்கே 76 அளவில்தான் இழுக்கும். வி6 வகை பாக்ஸைப் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியரில் திணறும், முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும், ஹாஃப் கிளட்ச் பிடிக்க வேண்டிவரும்.

ஹாஃப் கிளட்ச் இந்தக் காருக்கு ஆகவே ஆகாது. எம்.ஜி.பி.யில் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் உருளைகள் உள்ள பேரிங் அல்ல, கார்பன் வளையம். சீசன் நேரத்து நெரிசலில் கிளட்ச் பெடலில் கால் வைத்தே ஏறினால் அந்த வளையம் வேகமாகத் தேய்ந்து, இரும்புப் பிடி பிரஷர் பிளேட்டில் உரசத் தொடங்கிவிடும்.

ஆகவே எங்கள் யோசனை இது. கார் பெரும்பாலும் மலையிலேயே ஓடுகிறது என்றால் இருக்கிற பாக்ஸையே முழுதாகப் பிரித்து, சின்க்ரோ வளையங்கள், பேரிங்குகள், லே ஷாஃப்ட், சீல்கள் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டுங்கள். விகிதம் மலைக்குப் பொருத்தமானது. இந்தப் பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லாததால் அதற்கு டபுள் கிளட்ச் பழகிக்கொள்ள வேண்டியதுதான்: வளைவுக்கு முன்பே பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்து முதல் கியர். மாதம் சில முறையாவது கோவை, சேலம் என்று போகிறவர் என்றால் டைப் 9, ஆனால் நான்கு சிலிண்டர் வகை மட்டும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் என்ஜின் 3125 ஆர்.பி.எம்.மிலிருந்து 2560-க்கு இறங்கும், காதுக்கும் இதம், என்ஜினுக்கும் நல்லது. விற்பவரிடம் இரண்டாம் கியர் விகிதத்தை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். மெக்கானிக் சொல்லும் ஓவர்டிரைவ் பாக்ஸ் ஏன் வேண்டாம் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

என் கார் 1964 எம்.ஜி.பி. பிந்தைய நான்கு சின்க்ரோ ஓவர்டிரைவ் பாக்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அப்படியே பொருந்துமா? ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் வருமா?
— வாசகர், கோத்தகிரி

பொருந்தாது. 1967 இறுதியில் கார் மாறியபோது பாக்ஸ் மட்டும் மாறவில்லை. என்ஜினின் பின்தகடு, ஃப்ளைவீல், அதன் ரிங் கியர், ஸ்டார்ட்டர், பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எல்லாமே மாறின. பாடியின் நடு டன்னலும் (இருக்கைகளுக்கு நடுவே பாக்ஸ் உட்காரும் குகை போன்ற பகுதி) அகலமாகியது. உங்கள் காரில் இந்தப் பாக்ஸை உட்கார வைக்க டன்னலை வெட்டிப் பெரிதாக்கி வெல்டிங் வைக்க வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. டன்னலும் சைடு சில்லும்தான் (கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டம்) காரைத் தாங்குகின்றன. வெட்டிய டன்னலைப் பழையபடி கொண்டுவருவது மிகவும் கடினம்.

இன்னொன்று, உங்கள் என்ஜின் எண்ணின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். 18ஜி, 18ஜிஏ என்றிருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று உள்ள என்ஜின். 1964 இறுதியில் வந்த 18ஜிபி-யிலிருந்து ஐந்து. இரண்டுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள பைலட் புஷ் (கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் வளையம்) அளவு வேறு. எந்தக் கிட் வாங்கினாலும் இந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மூன்று பேரிங் என்ஜினுக்குப் பின்புறம் ரப்பர் சீலும் இல்லை, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டும்தான் உண்டு. ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தினால் எண்ணெய் கிளட்சுக்கு வரும். கோத்தகிரி வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவுதான், முடிந்தவரை மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்துங்கள்.

ஆர்.சி. விஷயம்: புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கும், கியர் பாக்ஸ் எண் இருக்காது. பாக்ஸ் மாற்றத்தால் அந்தப் பதிவு மாறாது. ஆனால் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவைக் கவனியுங்கள். 50 வயதுக்கு மேற்பட்ட வாகனம், மூல வடிவிலேயே இருந்தால், விண்டேஜ் பதிவு பெறலாம். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. டன்னலை வெட்டினால் அது பாடி மாற்றம். அந்தப் பிரிவில் பதிவு செய்யும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கலாம்.

ஓவர்டிரைவ்தான் வேண்டும் என்றால் 1967-க்கு முந்தைய மூன்று சின்க்ரோ ஓவர்டிரைவ் பாக்ஸைத் தேடுங்கள். டன்னலைத் தொடாமல் உட்காரும். உங்கள் என்ஜினின் பேரிங் எண்ணிக்கைக்கு ஏற்ற பாக்ஸா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவர்டிரைவ் விகிதம் 0.802. முதல் கியருக்கு சின்க்ரோ இருக்காது.

டைப் 9 கிட் வந்துவிட்டது. என்ஜினையும் பாக்ஸையும் வெளியே எடுத்துத் தரையில் வைத்துச் சேர்க்கிறோம். 4 மி.மீ. இடைவெளி விட்டு அதற்கு மேல் போக மறுக்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா?
— வாசகர், ஊட்டி

வேண்டவே வேண்டாம். இந்த 4 மி.மீ.யில்தான் பாக்ஸ்கள் கெட்டுப்போகின்றன. போல்ட்டால் இழுத்தால் மூடிவிடும். ஆனால் பைலட் புஷ் பிளக்கும், அல்லது இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் முன்னிருந்து பின்னோக்கி நெருக்கப்படும், அல்லது அலுமினிய பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் மணி வடிவக் கூடு) காது உடையும். இதில் எதுவும் அன்றைக்குத் தெரியாது. ஓடிய பிறகுதான் தெரியும்.

பாக்ஸைத் திரும்பக் கழற்றி இந்த வரிசையில் பாருங்கள். கிட்டுடன் வந்த புஷ்ஷைப் போடும் முன் கிராங்கில் பழைய புஷ் எடுக்கப்பட்டதா? புதியது உள்ளே இருக்கிறது என்றால், அது தட்டி ஏற்றப்பட்டபோது வெளிப்புறம் நெருங்கி உள்துளையும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். கையில் வைத்து ஷாஃப்ட் மூக்கில் நுழைத்துப் பார்த்தபோது சரியாக இருந்த புஷ், கிராங்கில் ஏறிய பின் பிடிக்கும். ரீமர் வைத்துத் துளையைச் சீராக்க வேண்டும். எமரித் தாளைச் சுருட்டித் தேய்த்தால் துளை வட்டமாக இருக்காது. வெண்கலத் தூளை அழுத்திச் செய்த புஷ் என்றால் போடுவதற்கு ஒரு நாள் முன்பு என்ஜின் ஆயிலில் ஊறப்போட்டிருக்க வேண்டும்.

அடுத்து, மூக்கின் நுனி கிராங்க் குழியின் அடியில் முட்டுகிறதா? குழந்தைகள் விளையாடும் க்ளே ஒரு சிறு உருண்டையை கிராங்க் குழிக்குள் வையுங்கள். கிளட்ச் பிளேட் இல்லாமல் பாக்ஸை நேராகத் தள்ளி, பின்னால் இழுத்து, க்ளேயை ஊசியால் கிளப்பி எடுங்கள். ஷாஃப்ட் முகம் அதில் நாணயம் போல் பதிந்திருக்கும். மிச்சமிருக்கும் தடிப்பை அளந்து, இன்னும் மூட வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். மூடிய பின் குறைந்தது 2 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் ஷாஃப்ட் நுனியை லேத்தில் குறைக்க வேண்டும், அல்லது தவறான இன்புட் ஷாஃப்ட் வந்திருக்கிறது. டைப் 9-இல் நான்கு சிலிண்டர் வகைக்கும் வி6 வகைக்கும் இன்புட் ஷாஃப்ட் நீளம் வேறு.

கிளட்ச் இல்லாமல் தடையின்றிச் சேர்கிறது, கிளட்ச் போட்டால் நிற்கிறது என்றால் பிளேட் நடுவில் இல்லை. கண்ணால் பார்த்து நடுவில் வைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு முனை புஷ்ஷுக்கும், நடுப்பகுதி பிளேட்டின் பல்லுக்கும் பொருந்துமாறு அலுமினியத்தில் ஒரு டம்மி ஷாஃப்ட் கடைந்துகொள்ளுங்கள். கோவை கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் சாதாரண வேலை. பிளேட்டின் பல் எண்ணிக்கையையும் எண்ணுங்கள், பழைய எம்.ஜி. பிளேட்டை மறதியாக மாட்டியிருந்தால் அது ஃபோர்டு ஷாஃப்ட்டில் ஏறாது. பாக்ஸைச் சேர்க்கும்போது அதன் எடை ஒரு நொடிகூட பிளேட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட் வளையும், பிறகு கிளட்ச் விடாது.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு அளவு பாக்கி. பழைய எம்.ஜி. பாக்ஸில் பெல் ஹவுசிங்கும் பாக்ஸும் ஒரே வார்ப்பு. இப்போது உங்களுடையது தனித்தனித் துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் விலகினால் மையம் தவறும். பெல் ஹவுசிங்கை மட்டும் என்ஜினில் மாட்டி, டயல் கேஜின் காந்தத்தை ஃப்ளைவீலில் ஒட்டி, ஊசியை ஹவுசிங்கின் நடுத்துளை உள்விளிம்பில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஊசியின் மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருந்தால் மிக நன்று. 0.25 தாண்டினால் அப்படியே கட்டாதீர்கள். டோவல் பின்களை (ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் பின்கள்) எடுத்து, ஹவுசிங்கை நகர்த்தி மையம் பார்த்து, புதுத் துளையிட்டுப் பின் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட கார்களில் பைலட் புஷ் முட்டையாகத் தேயும், நான்காம் கியர் ஓட்டத்தில் தானே வெளியே துள்ளும். நான்காம் கியர் துள்ளினால் எல்லோரும் பாக்ஸைப் பிரிப்பார்கள். பாக்ஸின் உள்ளே ஒன்றும் இருக்காது.

கார் மழைக்காலம் முழுக்க நின்றிருந்தால் ஃப்ளைவீல் முகத்தில் துரு படிந்திருக்கும். மூடும் முன் எமரித் தாளால் சுத்தம் செய்து துடைத்துவிடுங்கள். ஊட்டி ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வது வழக்கம்.

டைப் 9 மாற்றி முடித்தாகிவிட்டது. 70 கி.மீ. தாண்டினால் இருக்கைக்குக் கீழே அதிர்வு. ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டுகிறது.
— வாசகர், வெலிங்டன்

அதிர்வுக்கு முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். இரு முனைக் கிராஸ்களின் (யுனிவர்சல் ஜாயிண்ட்) யோக்குகளும் (கவை போன்ற பிடிகளும்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நீளத்தைக் குறைத்து வெல்டிங் வைத்தபோது திருகியிருந்தால் எந்த பேலன்சிங்கும் உதவாது. பிறகு கோணம். கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது பாக்ஸ் பின்முனையின் சாய்வையும் டிஃப்ரன்ஷியல் பினியனின் சாய்வையும் டிஜிட்டல் கோணமானியால் எடுங்கள். உங்கள் வீட்டுத் தரை சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். அது 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸும் வேலை செய்யும் கோணம் 3 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, முழுப் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது; அரை டிகிரியாவது இருந்தால்தான் உள்ளே ஊசி உருளைகள் சுழலும். பாக்ஸ் மவுண்டிங்குக்குக் கீழே வாஷர் வைத்தோ எடுத்தோ சரிசெய்யலாம். முன்பக்க ஸ்லைடிங் யோக், கார் நிற்கும் உயரத்தில் பாக்ஸின் உள்ளே முட்டாமல் 20 மி.மீ. போல இடம் இருக்க வேண்டும். இவையெல்லாம் சரியான பிறகுதான் பேலன்சிங்.

ஸ்பீடோவுக்கு ஒரு அளவு முறை உண்டு. மீட்டர் முகப்பில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அது. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பி முனையில் ஒரு காகிதக் கொடியை ஒட்டுங்கள். தரையில் 16.09 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். இது மைலில் நூறில் ஒரு பங்கு. காரை நியூட்ரலில் தள்ளிக்கொண்டே கொடி எத்தனை சுற்று என்று, கால் சுற்று வரை, எண்ணுங்கள். அதை நூறால் பெருக்கி முகப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். 10 சுற்று வந்தால் 1000. முகப்பில் 1280 இருந்தால் உங்கள் மீட்டர் உண்மை வேகத்தைவிட 22 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. விகிதம் மாற்றும் சிறு பல் பெட்டி ஒன்றைக் கேபிளின் நடுவில் போடலாம், அல்லது மீட்டரைத் திரும்ப அளவு பார்க்கக் கொடுக்கலாம்.

எம்.ஜி.ஏ. 1500 வைத்திருக்கிறேன். அம்பாசிடர் என்ஜினும் அதே குடும்பம் என்கிறார்களே, அம்பாசிடர் கியர் பாக்ஸைப் போடலாமா?
— வாசகர், கூடலூர்

குடும்பம் ஒன்றுதான். இரண்டும் 1489 சி.சி. பி-சீரிஸ் என்ஜின். ஆனால் பழைய அம்பாசிடர் பாக்ஸ் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து கம்பிகள் வழியே மாற்றும் வகை. எம்.ஜி.ஏ.வில் லீவர் பாக்ஸுக்குப் பின்னால் நீண்ட நீட்டிப்பின் மேல் நிற்கிறது. இதை அதில் பொருத்த முடியாது, பொருத்தினாலும் முதல் கியருக்கு அங்கேயும் சின்க்ரோ இல்லை. 1992-இல் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். காரில் வந்த ஐந்து கியர் பாக்ஸ் இசுசு என்ஜினுக்குரியது, எம்.ஜி. என்ஜினோடு சேர்க்கத் தனி அடாப்டர் தகடு, வேறு புஷ், வேறு கிளட்ச் பிளேட், குறுக்குச் சட்டம் எல்லாம் செய்ய வேண்டும். அவ்வளவு செலவு செய்வதற்கு, எம்.ஜி.ஏ.வுக்கென்றே வரும் டைப் 9 கிட் மலிவு.

நான்கு சின்க்ரோ ஓவர்டிரைவ் உள்ள 1971 எம்.ஜி.பி. ஓட்டுகிறேன். டிசம்பர் காலையில் இரண்டாம் கியர் விழவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் 90 கியர் ஆயில் ஊற்றினார். இறக்கத்தில் ஓவர்டிரைவ் போட்டு வரலாமா என்றும் சொல்லுங்கள்.
— வாசகர், அரவங்காடு

ஆயில்தான் காரணம். இந்த பாக்ஸுக்குக் கியர் ஆயில் கிடையாது, என்ஜின் ஆயில்தான்: 20டபிள்யூ-50. ஓவர்டிரைவோடு 3.4 லிட்டர், ஓவர்டிரைவ் இல்லாத பாக்ஸுக்கு 3 லிட்டர். 90 ஆயில் உறைபனி காலையில் கெட்டியாகி சின்க்ரோ வளையம் பிடிக்க விடாது. அது ஜி.எல்-5 வகை என்றால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கல வளையங்களைக் கெடுக்கும். ஓவர்டிரைவும் இதே ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது, ஆகவே அதற்கும் கேடு. சூடாக இருக்கும்போது வடித்து, ஓவர்டிரைவின் வடிகட்டியையும் கழுவி, புது ஆயில் ஊற்றி, நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். பழைய ஆயிலின் மிச்சம் அப்போதுதான் போகும். டைப் 9 வைத்திருப்பவர்கள் இதைப் படித்து என்ஜின் ஆயில் ஊற்றிவிட வேண்டாம். அதற்கு 75டபிள்யூ-90 ஜி.எல்-4.

இறக்கத்தில் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். போட்டிருந்தால் என்ஜின் பிரேக்கிங் குறையும், பிரேக் சூடாகும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ரிவர்ஸில் ஓவர்டிரைவ் ஒருபோதும் வேலை செய்யக் கூடாது. செய்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உடையும். மூன்று, நான்காம் கியரில் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச் பாக்ஸிலேயே இருக்கிறது. சிலர் அந்த சுவிட்ச் கெட்டதும் வயரை நேராக முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். உங்கள் காரில் இக்னிஷனைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல், ரிவர்ஸில் வைத்து ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். கீழே ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம் (சோலனாய்டு) க்ளிக் என்று சொன்னால் அந்த இணைப்பைப் பிரிக்கும் வரை காரைப் பின்னுக்கு எடுக்காதீர்கள்.